மாறாத ஒன்று எப்படி உதவாமல் போகிறது?

2001 அக்டோபரில் விற்பனைக்கு வந்த விண்டோஸ் எக்ஸ்பி ஒரு கணினியில் நிறுவியபடியே இன்றும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோட்பேட் திறக்கிறது, மைன்ஸ்வீப்பர் ஆடலாம், பழைய பிரின்டரில் கடிதமும் அடிக்கலாம். இணையத்துக்குள் போனால்தான் சிக்கல். இணையப் பேச்சைப் பிறர் படிக்காமல் பூட்டும் டிஎல்எஸ் முறையில், அதன் பிரௌசருக்கு 1.0க்கு மேல் எதுவும் தெரியாது. எதிரே உள்ள சர்வரோ 1.2க்குக் கீழே பேசுவதில்லை என்று இணைப்பை அப்போதே துண்டித்துவிடுகிறது. ஒரு காலத்தில் இந்தக் கணினியால் முடிந்தது, இன்று முடியவில்லை. ஆனால் கணினிக்குள் எதுவும் மாறவில்லை. அப்படியானால் அந்த ஆற்றல் எங்கே இருந்தது?

பௌத்தத் தருக்கத்தில் தர்மகீர்த்தியின் வழி வந்தவர்கள், காரியம் செய்வதே உள்பொருளின் இலக்கணம் என்றார்கள். குதிரில் கிடக்கும் விதைக்கு முளைக்கும் ஆற்றல் இருந்தால் அங்கேயே முளைத்திருக்க வேண்டும். முளைக்காததால் வயலில் முளைத்தது வேறு விதை, பொருள்கள் கணந்தோறும் அழிந்து தோன்றுகின்றன என்பது அவர்கள் வாதம். எக்ஸ்பி இதற்கு ஒத்துவராத சாட்சி. அன்றைய கோப்பும் இன்றைய கோப்பும் ஒன்றல்ல, ஒத்த தொடர்ச்சிதான் என்று அவர்கள் சொல்லலாம். சொல்லட்டும். முழுக்க ஒத்த இரண்டு, ஒன்று பக்கத்தைத் திறந்து மற்றது திறக்காவிட்டால், வேறுபாட்டை அவற்றுக்கு வெளியேதான் தேட வேண்டும். நியாய மரபின் உதயனர் அங்கேதான் தேடினார்: தகுதி பொருளுக்குள் இருக்கிறது, காரியம் நடக்கத் துணைக்காரணங்களும் கூட வேண்டும்.

தகுதி என்பதே கற்பனை, எல்லாம் உறவுதான் என்று இன்னும் ஒரு படி போகலாமா? கூடாது என்றே நினைக்கிறேன். பழைய டிஎல்எஸ்ஸைப் புதியதாக மாற்றித் தரும் ப்ராக்ஸி ஒன்றை நடுவில் வைத்தால் அதே எக்ஸ்பி பல பக்கங்களைத் திறக்கிறது. ஒரு கருங்கல்லுக்கு எத்தனை ப்ராக்ஸி வைத்தாலும் பயனில்லை. இயலாமையும் ஒருபக்கத்தது அல்ல. எக்ஸ்பிக்கு மட்டுமே டிரைவர் எழுதப்பட்ட ஆய்வகக் கருவியின் முன்னால் கைகட்டி நிற்பது விண்டோஸ் 11தான்.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற கெடுநிரல் நுழைந்த ஓட்டை எக்ஸ்பியிலும் இருந்தது. அது பிறவிக் குறை, சூழலின் குறையல்ல. உண்மைதான். ஆனால் அந்தக் குறைகூடத் தன்னைப் பயன்படுத்தத் தெரிந்தவன் வரும்வரை பல ஆண்டுகள் சும்மா கிடந்தது. தீமைக்கும் துணைக்காரணம் தேவைப்பட்டிருக்கிறது. அதைவிட முக்கியம், 2014 ஏப்ரல் 8 அன்று ஆதரவை நிறுத்திய மைக்ரோசாஃப்ட், அந்த மே மாதத்தில் எக்ஸ்பிக்கும் ஒரு திருத்தம் வெளியிட்டது. செத்ததற்கு யாரும் மருந்து கொடுப்பதில்லை.

ஆகவே, காலம்தான் கணினியைக் கொன்றது என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. துணை விலக்கப்பட்டது, விலக்கியது யார், ஏன் என்று கேட்க இடமிருக்கிறது. காரணம் நியாயமாகவும் இருக்கலாம், எந்த நிறுவனமும் எல்லாப் பதிப்பையும் என்றைக்கும் பராமரிக்க முடியாது. ஆனாலும் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு முடிவுநாள் குறித்த அதே நிறுவனம், பதிவு செய்துகொள்பவர்களுக்கு மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தம் தருவதாகவும் அறிவித்தது. 15ஆம் தேதி காலையில் அந்தக் கணினிகளின் தகுதியில் எந்தக் குறைவும் இல்லை.