வலிக்கிறது என்று சொல்ல ஒரு பாலிசி

மகளுக்குப் பிரசவம் பார்க்க அமெரிக்கா கிளம்பும் அம்மாவின் பெட்டியில் பிரசவ லேகியமும் பருப்புப் பொடியும் மட்டும் இருப்பதில்லை. நடுவே துணிப்பையில் சுற்றி, ஆறு மாதத்துக்கான சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, தைராய்டு மாத்திரை. டாக்டர் சீட்டு தனி உறையில். போன இடத்தில் ஒரு மாத்திரைக்குக்கூட மருமகன் கையை எதிர்பார்க்கக் கூடாது என்பது அம்மாவின் கணக்கு.

பிள்ளைகளுக்கு இன்சூரன்ஸ் ஞாபகம் வருவது, விசா கிடைத்து டிக்கெட்டும் போட்டபிறகு, கடைசி வாரத்தில். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குப் போவதானால் குறைந்தது 30,000 யூரோவுக்குக் காப்பீடு காட்டாமல் விசா கிடையாது. பெற்றோரை வரவழைக்கும் கனடாவின் சூப்பர் விசாவுக்கு 1 லட்சம் கனடா டாலர். மருத்துவச் செலவுக்குப் பேர்போன அமெரிக்காவோ, சுற்றிப் பார்க்க வருபவரிடம் இப்படி எதையும் கேட்பதில்லை. அந்த நாட்டு முதியவர்களுக்கு 65 வயதில் கிடைக்கும் மெடிகேரும் விருந்தாளிக்கு இல்லை. கேட்பார் இல்லாததால் கடைசியில் வாங்குகிறோம். பிரீமியம் குறைவாக இருப்பதைப் பார்த்து வாங்குகிறோம்.

குறைவதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவகைத் திட்டத்தில் இன்ன சிகிச்சைக்கு இவ்வளவுதான் என்று தொகை குறித்திருக்கும். பில்லில் மிச்சம் எவ்வளவு இருந்தாலும் நம் தலையில். விரிவான திட்டங்கள் மேல். டிடக்டிபிள் எனப்படும் நம் பங்குத் தொகையை முதலில் நாம் கட்டியபின், பலவற்றில் முதல் 5,000 டாலருக்கு 80 சதவீதமும் அதற்குமேல் வரம்புவரை முழுவதும் கிடைக்கும். டிடக்டிபிளை 2,500 டாலராக வைத்தால் பிரீமியம் இறங்கும். ஆனால் ரூபாயில் அது இரண்டு லட்சத்தைத் தாண்டும். பேரனுக்கு வாங்கும் பால் டப்பாவையே ரூபாயில் பெருக்கிப் பார்க்கிற அம்மா, அந்தத் தொகை காதில் விழுந்தபிறகு தலைவலி என்றுகூட வாய் திறக்கமாட்டாள்.

எல்லாத் திட்டங்களிலும் கவனித்துப் படிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: பழைய நோய். வயதையும் தேதியையும் மட்டும் கேட்டு ஐந்து நிமிடத்தில் பாலிசி தந்துவிடுகிறார்களே என்று மகிழ்ந்துபோகிறோம். உடம்பைப் பற்றிக் கேட்காததற்குக் காரணமே, ஏற்கெனவே இருக்கும் நோயைப் பெரும்பாலும் விலக்கி வைத்திருப்பதுதான். சர்க்கரைக்கு வழக்கமான பரிசோதனை என்றால் பணம் வராது. பழைய நோய் முன்னறிகுறி இல்லாமல் திடீரென்று முற்றி, 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போனால், பல திட்டங்கள் ஒரு வரம்புக்குள் தரும். வயது 70, 80 என்று ஏற ஏற அந்த வரம்பும் சுருங்கும்.

இந்த 24 மணி நேரத்தில்தான் நம் அம்மாக்கள் தோற்றுப்போகிறார்கள். ராத்திரி நெஞ்சு பிசைகிறது. பிள்ளை பெற்றவள் இப்போதுதான் கண் அசந்திருக்கிறாள். மருமகனுக்குக் காலையில் ஆபீஸ். வாயுவாக இருக்கும் என்று பெருங்காயம் போட்ட மோரைக் குடித்துவிட்டுப் படுக்கிறாள். மறுநாளும் அப்படியே போகிறது. மூன்றாம் நாள் முடியாமல் போய் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, எப்போதிருந்து வலி என்று கேட்கிறார் டாக்டர். முந்தாநாளிலிருந்தே லேசாக இருந்தது என்கிறாள், உள்ளதைச் சொல்லித்தான் பழக்கம். அந்த வாக்கியம் மருத்துவக் குறிப்பில் ஏறுகிறது. திடீரென்று வந்தது என்ற வாதம் அங்கேயே பலவீனமாகிவிடுகிறது. செலவு மிச்சம் பிடிக்கப் பொறுத்துக்கொண்ட வலிதான் உடம்பையும் கெடுத்து, கிளெய்மையும் கெடுக்கிறது.

இதற்கு நம்மவர்கள் ஒரு குறுக்குவழி சொல்வார்கள்: டாக்டரிடம் பழைய நோயைப் பற்றி மூச்சு விடாதே. இதைவிட மோசமான யோசனை இருக்க முடியாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் அதை மறைத்தால், பணத்தோடு போகாது, உயிருக்கே ஆபத்து. பணத்துக்குப் பயந்து மறைக்கவும் தேவையில்லை: 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமெரிக்காவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவரிடம் பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் பரிசோதித்து, உயிருக்கு ஆபத்தான நிலையைச் சமாளித்தாக வேண்டும். பில் பிறகு வீடு தேடி வரும். பேசிக் குறைக்கவோ தவணையில் கட்டவோ வழி தேடலாம்.

உதவிக்கு வந்தவள் நோயாளியாகிவிடக் கூடாது என்பதுதான் அவளுடைய பயம். ஆயுசு முழுக்க யாருக்கும் பாரமாக இல்லாமலே வாழ்ந்து பழகியவள். அந்தப் பயத்தைத் தணிக்கிற பாலிசிதான் அவளைக் காக்கும். பிள்ளையின் வங்கிக் கணக்கை மட்டும் காக்க எடுத்த பாலிசி அவனுடைய மெயிலிலேயே கிடக்கும். தன் பெயரில் அப்படி ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

ஆகவே, அழைக்கிற பிள்ளைகளே, டிடக்டிபிளைக் குறைத்து எடுங்கள். ஏறும் பிரீமியத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுங்கள். கார்டை அச்செடுத்து அவள் கைப்பையில் வையுங்கள். வந்து இறங்கிய அன்றே பக்கத்தில் உட்கார்ந்து, எது கிடைக்கும், எது கிடைக்காது என்று தமிழில் படித்துக் காட்டுங்கள். படித்து முடித்ததும் சொல்லுங்கள்: “ராத்திரி ரெண்டு மணியானாலும் எழுப்பும்மா. அதுக்குத்தான் பணம் கட்டியிருக்கு.”