விட்டுவிட்டால் தீருமோ வினை?

மீனைக் கொன்று தின்பது தீவினை என்பதில் ஜைன இல்லங்களில் இருவேறு கருத்து இல்லை. ஆனால், பிடித்த மீனை உயிருடன் மீண்டும் கடலிலேயே விட்டுவிட்டால்? கொல்லவில்லை, உண்ணவில்லை, விற்கவுமில்லை. அங்கே ஹிம்சை எங்கே இருக்கிறது? கலிபோர்னியா போன்ற கடலோரப் பகுதிகளில் பணிநிமித்தம் வாழும் நம் இளைஞர்கள் இக்கேள்வியை எதிர்கொள்ள நேர்கிறது. விடுமுறை நாளில் நண்பர்கள் கயாக் படகில் மீன்பிடிக்க அழைக்கும்போது, "நீ உண்ண வேண்டாம், பிடித்து விட்டுவிடலாம்" என்கிறார்கள். அதற்கு நாம் சொல்லும் விடை என்ன?

கயாக் என்பது ஒருவர் அமர்ந்து துடுப்பு வலிக்கும் ஒடுங்கிய சிறு படகு. வடதுருவத்தை ஒட்டி வாழும் இனுயிட் மக்கள், மிதந்து வரும் மரத்தாலும் எலும்பாலும் சட்டம் அமைத்து, சீல் என்னும் கடல்விலங்கின் தோலைப் போர்த்தி அதனைச் செய்தனர். பயிர் விளையாத பனிநிலத்தில் வேட்டையாடி உயிர்வாழ அது அவர்களுக்குக் கருவியாயிற்று. இன்றோ அதே படகு பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டு, தூண்டிற்கழிகளைச் செருகத் துளைகளும், நீருக்கடியில் மீன் திரிவதைக் காட்டும் கருவியும் கொண்டு, பொழுதுபோக்குச் சாதனமாகிவிட்டது.

இவ்விளையாட்டினர் தம் பக்கம் கூறும் நியாயங்களும் உள. எஞ்சின் இல்லை, எண்ணெய்க் கழிவு இல்லை, விசைப்படகின் இழுவலை போல் வேண்டாத உயிர்களையெல்லாம் வாரி எடுப்பதில்லை, ஒருவர், ஒரு தூண்டில், பின்பு விடுதலை. அழிவின் அளவு குறைவு என்பது உண்மையே. அதனை நாம் மறுக்க வேண்டுவதில்லை.

எனினும், மீன் படும் துன்பத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மீன் ஐம்பொறியும் உடைய உயிர் என்பது நம் ஆகமங்களின் கூற்று. டிரவுட் மீனின் தலைப்பகுதியில், ஊறு விளைவிப்பவற்றை உணரும் நரம்புமுனைகள் உள்ளன என்பதை 2003-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஆழத்தில் வாழும் பாறைமீனை விரைந்து மேலே இழுக்கும்போது நீரின் அழுத்தம் குறைகிறது. அதனால் அதன் உடலுள் உள்ள காற்றுப்பை விரிந்து, கண் பிதுங்கி, இரைப்பை வாய்வழியே தள்ளப்படுவதுண்டு. அந்நிலையில் விடப்பட்ட மீன் கீழே செல்ல இயலாமல் மிதக்கும். அதனை மீண்டும் ஆழத்திற்கு இறக்குவதற்கென்றே எடை கட்டிய கருவிகள் விற்கப்படுகின்றன. விட்டதெல்லாம் பிழைத்ததாகாது.

ஆயினும், மீன் பிழைத்ததா இல்லையா என்பதோடு நம் ஆராய்ச்சி முடிவதில்லை. கி.பி. 959-இல் சோமதேவ சூரி இயற்றிய யசஸ்திலகம், மீனவனையும் உழவனையும் ஒப்பிட்டு ஓர் உண்மையை விளக்குகிறது. உழவன் உழும்போது உயிர்கள் மடியினும் அவன் கருத்து கொலையில் இல்லை. மீனவனோ ஒரு மீனும் அகப்படாத நாளிலும் பிடிக்கும் எண்ணத்திலேயே இருக்கிறான். வினையைக் கட்டுவது கை மட்டுமன்று, கருத்தும் ஆகும்.

இதனைக் கேட்டு, உழவர் குடியில் வந்த நாம் மீனவரை இழிவாக எண்ணிவிடலாகாது. நம் கதை நூல்களில் போற்றப்படும் மிருகசேனன் ஒரு மீனவனே. அவந்தி நாட்டில் வாழ்ந்த அவன், முனிவர் ஒருவரிடம், வலையில் முதலில் விழும் மீனை விட்டுவிடுவதாக விரதம் ஏற்றான். விட்ட மீனுக்கு அடையாளமும் இட்டான். அன்று அதே மீன் ஐந்து முறை வலையில் விழுந்தது. ஐந்து முறையும் விட்டான். வெறுங்கையுடன் வந்தவனை மனைவி வீட்டினுள் விடவில்லை. வெளியே உறங்கியவன் பாம்பு தீண்டி இறந்தான். மறுபிறவியில் அவ்விரதத்தின் பயனால் ஐந்து முறை மரணத்தினின்று தப்பினான் என்பது கதை.

மிருகசேனனும் மீனை விட்டான். கயாக்கில் செல்பவரும் மீனை விடுகிறார். செயல் ஒன்றுபோலத் தோன்றினும் இரண்டும் ஒன்றல்ல. முன்னவன் தன் பிழைப்பிலிருந்து ஓர் உயிரை மீட்டான். அதற்காகப் பசியையும் பழியையும் ஏற்றான். பின்னவர் விடுவதற்கென்றே பிடிக்கிறார். அவர் வாராதிருந்தால் அம்மீனுக்குத் துன்பமே இல்லை. முன்னது ஹிம்சையைக் குறைத்த விரதம். பின்னது தேவையின்றி ஹிம்சையை உண்டாக்கி, அதன் முடிவை மட்டும் தவிர்த்த விளையாட்டு. அருங்கலச்செப்பு பயின்ற இல்லங்களில் இதற்குப் பெயர் தேடவேண்டியதில்லை. பயனின்றிப் பிறவுயிரை வருத்துதலாகிய அனர்த்ததண்டமே இது. ஜைனரல்லாத சுவிட்சர்லாந்து நாட்டினரும், விட்டுவிடும் நோக்குடனேயே மீன்பிடிப்பதை 2008-ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்பு விதிகளில் தடை செய்தனர் என்பது எண்ணத்தக்கது.

இந்த அளவுகோலால் மீனவரை மட்டும் அளப்பது முறையன்று. உழவனுக்குக் கூறிய நியாயம் நமக்கு அளித்த அனுமதிச் சீட்டு அன்று. தேவைக்கு மிஞ்சித் தெளிக்கும் பூச்சிமருந்தும், அழகுக்காக வாங்கும் பட்டும் இதே கேள்வியை நம்மிடம் கேட்கின்றன. வயிற்றுக்காகக் கட்டுமரத்தில் செல்லும் மீனவரின் வினையைவிட, வேடிக்கைக்காக நாம் செய்யும் வினை இலேசானது என்று எவ்வாறு கூறுவோம்?

ஆகவே, நம் பிள்ளைகள் நண்பர்களை வெறுக்க வேண்டுவதில்லை. கடலையும் துறக்க வேண்டுவதில்லை. படகில் ஏறட்டும், துடுப்பு வலிக்கட்டும், நீரின் கீழ் உலவும் உயிர்களைக் கண்டு வியக்கட்டும். தூண்டிலை மட்டும் தொடாதிருக்கட்டும். பிறர் பிடித்த மீனோடு நின்று படம் எடுத்துக்கொள்வதையும் தவிர்க்கட்டும்; செய்தல், செய்வித்தல் ஆகியவற்றோடு, செய்தாரை உவந்து பாராட்டுதலும் வினைக்கு வாயில் என்பது நம் நெறி. காரணம் கேட்பாருக்கு, "விட்டுவிடுவதுதான் உங்கள் விருப்பமென்றால், பிடிக்காமலே விட்டுவிடலாமே" என்று அன்போடு கூறினால் போதும். அச்சொல்லில் நம் அறம் முழுவதும் அடங்கும்.