முன்னோர் நெறியும் இறைவன் ஆணையும்

சைவப் பாடசாலை உபாத்தியாயர்களாகிய மெய்யன்பர்களே!

பளையிலும் அதனைச் சூழ்ந்த பச்சிலைப்பள்ளிக் கிராமங்களிலும் சமயபாடஞ் சொல்லும் உங்களை நோக்கி மாணாக்கர் வினாவும் வினா ஒன்றுண்டு. "இதனை ஏன் செய்தல் வேண்டும்?" என்பதே அது. "பாட்டனார் செய்தார்; ஆதலால் நாமுஞ் செய்கின்றோம்" என்று கூறி அவரை வாயடக்குதல் எளிது. அவ்விடை பொய்யன்று, ஆயினும் பாதி விடையே. மற்றைப் பாதியை ஈண்டு விசாரிக்கப் புகுந்தாம்.

பளையிலிருந்து ஆனையிறவைக் கடந்து, பரந்தனிலே கிழக்கே திரும்பி, புதுக்குடியிருப்பு வழியாகச் செல்வோர் நந்திக்கடலோரத்து வற்றாப்பளையை அடைவர். அங்கே கோயில் கொண்டருளும் கண்ணகையம்மைக்கு வைகாசித் திங்களிலே பொங்கல் நிகழும். அதற்கு முன்னே கடலிலிருந்து தீர்த்தமெடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்தில் வைத்து, அவ்வுப்பு நீரிலே விளக்கெரித்தல் தொன்று தொட்ட வழக்கம். எண்ணெய் மலிந்த இக்காலத்திலும் அக்கடமைக்குரியோர் அவ்விளக்குக்கு எண்ணெயை நாடிற்றிலர். தந்தை காட்டிய கடற்றுறைக்கே மைந்தனுஞ் செல்கின்றான்.

இவ்விளக்கைக் காணுந்தோறும் எமக்கு நமிநந்தியடிகள் நினைவுக்கு வருவர். ஏமப்பேறூரினின்று திருவாரூர்க்குச் சென்ற அவர், அரநெறித் திருக்கோயிலிலே மாலைப்பொழுதில் விளக்கிட விரும்பி, அயல் மனையிலே நெய் வேண்டினார். அம்மனையிலிருந்த சமணர், கையிலே நெருப்பை ஏந்திய உம் கடவுளுக்கு விளக்கு எதற்கு, இடுவதாயின் நீரை முகந்து இடுக என்று இகழ்ந்தனர். அவர் இறைவன் திருமுன் வீழ்ந்து வருந்த, குளத்து நீரைக் கொணர்ந்து ஏற்றுக என்று அசரீரி எழுந்தது. நீர் எரியுமோ என்று அவர் ஆராய்ந்தாரல்லர். முகந்தார், வார்த்தார், ஏற்றினார். விடியுமளவும் விளக்கெரிந்தது.

அன்பர்களே, நமிநந்தியடிகள் கேட்ட அசரீரி நம் செவிக்கு எட்டுவதில்லை. நமக்கு இறைவன் ஆணை தாய்தந்தையர் வாயிலாகவும் குருவின் வாயிலாகவுமே வருகின்றது. தந்தை சொற்குப் பணியாத தலை திருவடிக்குப் பணியுமாறு யாங்ஙனம்? சிறுவன் திருநீறணிந்து உண்ணப் பழகும்பொழுது அவன் பழகுவது திருநீறணிதல் மாத்திரமன்று. தன் விருப்பை ஒருவர் சொல்லின்கீழ் வைத்தலையும் பழகுகின்றான். இதுவே மற்றைப் பாதி.

அற்றேல், முன்னோர் செய்தனவெல்லாம் இறைவன் ஆணையாமோ எனின், ஆகா. நாவலர் பெருமான் (1822–1879) உயிர்ப்பலியைக் கடிந்தபொழுது, பழமை பற்றி அதனைத் தாங்கினாரும் உளர். உயிர்க்குயிராய் நிற்பவன் உயிரை வதைக்க ஆணையிடான். கண்ணகி வழிபாட்டையும் நாவலர் உடன்பட்டிலர். பிற்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல வேறு அம்மன் பெயர் பூண்டன. வன்னி மக்களோ அப்பெயரை விட்டாரல்லர். இதன்கண் யாம் வன்னி மக்கள் பக்கமே நிற்போம். எத்தெய்வத்தை வழிபடினும் அத்தெய்வமாய் வந்து ஏற்றருளுபவன் சிவபெருமானே என்பது சிவஞானசித்தியார் தெளிவித்த உண்மையன்றோ?

இவ்விசாரணை இப்பொழுது வேண்டப்படுவதற்குக் காரணமுண்டு. 1990 இலே பளைக்கு வந்த புகைவண்டி நின்றது. 2014 இலேதான் மீண்டது. இடையே முகமாலை போர்முனையாயிற்று, ஊர்கள் காடாயின. 2009 இலே வன்னி மக்கள் முகாம்களில் அடைபட்டனர். விளக்கேற்றும் முறையைக் கண்ணாற் காணவேண்டிய வயதிலே முட்கம்பியைக் கண்டு வளர்ந்தோர் இன்று தாய்தந்தையராயிருக்கின்றனர். அவர் தம் மக்களுக்குக் காட்ட அறியாராயின் அது அவர் குற்றமன்று. தந்தை நின்ற இடத்திலே உபாத்தியாயர் நிற்றல் வேண்டும்.

ஆதலால், வருகின்ற வைகாசியிலே உம் மாணாக்கரைத் தாய்தந்தையருடன் வற்றாப்பளைக்கு அழைத்துச் செல்க. முதல் நாட் பாடத்திலே நமிநந்தியடிகள் சரித்திரத்தைச் சொல்லுக. விளக்கின்முன் நிற்கும்போது ஒன்றும் விளக்காதீர். வினா எழுமாயின், வீடு திரும்பும் வழியிலே விடை கூறலாம்.