எதிர்காற்றில் எழும்புகிறவர்கள்



ஏசாயா 40:31 நம்மில் அநேகருக்கு மனப்பாடம். கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களுக்குத் தீர்க்கதரிசி அங்கே கழுகை உவமையாகக் காட்டுகிறார். எத்தனையோ பறவைகள் இருக்க, ஏன் கழுகு? இதை எனக்குப் புரிய வைத்தவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்த என் தாய்மாமா. தி.நகரில் தையல் மெஷின் மிதித்து ஜீவனம் பண்ணினவர். ஏழாவதுக்கு மேல் படித்ததில்லை. ஆனால் ஆகாயவிமானம் என்றால் அவருக்கு அவ்வளவு பிரியம்! அந்தப் பிரியத்தை எனக்கும் ஒட்ட வைத்துவிட்டார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்ட கையோடு மாம்பலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறுவோம். பரங்கிமலையில் இறங்கி, படியேறி உச்சிக்குப் போனால் மீனம்பாக்கம் ஓடுபாதை கண்ணுக்கு எதிரே நீண்டு கிடக்கும். 1910-ல், மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தின டி ஏஞ்சலிஸ் என்பவர் தாமே ஒரு விமானத்தைக் கட்டிப் பக்கத்துப் பல்லாவரத்தில் பறந்து காட்டின கதையை மாமா நேரில் பார்த்தவர் போலச் சொல்லுவார்.

ஒருநாள் கேட்டேன், "மாமா, காத்து பின்னாலேருந்து தள்ளினாத்தானே விமானம் சீக்கிரம் மேலே போகும்?" அவர் சிரித்தார். "இல்ல மாப்ளே. காத்து எதிர்த்து வரணும். அப்பத்தான் அது மேலே எழும்பும்."

உண்மைதான் பிரியமானவர்களே. இறக்கையின்மேல் காற்று எவ்வளவு வேகமாய்ப் பாய்கிறதோ, அவ்வளவுக்கு அது விமானத்தைத் தூக்கும். எதிர்காற்று அடித்தால் குறைந்த ஓட்டத்திலேயே விமானம் தரையை விட்டுவிடும். ஆகவேதான் பிற்பகலில் கிழக்கேயிருந்து கடற்காற்று வீசும்போது விமானங்கள் கிழக்கு நோக்கி ஓடி எழும்புகின்றன. மேல்காற்று காலத்தில் மேற்கு நோக்கி எழும்புகின்றன. கழுகும் அப்படியே. ஓயாமல் சிறகடித்துக் களைத்துப்போகாது. செட்டையை விரித்துக் காற்றுக்குக் கொடுத்துவிடும். காற்றே அதைச் சுமக்கும்.

நம்முடைய தேசத்திலே நடந்த ஒரு காரியத்தைப் பாருங்கள். ராமேஸ்வரத்தில் பிறந்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம், 1958-ல் விமானப்படைத் தேர்வுக்குப் போனார். இருந்த இடங்கள் 8. அவருக்குக் கிடைத்ததோ 9-வது இடம்! விமானி ஆகும் கனவு அன்றோடு முடிந்தது போலிருந்தது. ஆனால் 2006-ஆம் ஆண்டு ஜூன் 8-ந் தேதி, தமது 74-வது வயதிலே, குடியரசுத் தலைவராக, புனேயில் சுகோய்-30 போர் விமானத்தில் ஏறிப் பறந்தார். ஒரு கதவு அடைபட்டதினால் அவர் தரையிலேயே கிடந்துவிடவில்லை.

மாமாவுக்கும் எதிர்காற்று வந்தது. அத்தை முந்திக்கொண்டார்கள். பிறகு கண்பார்வை மங்கியது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் தொழில் நின்றது. ஆனால் உபவாச ஜெபத்திலே அவர் சாட்சி சொல்ல எழுந்தால், துதியோடே தொடங்கித் துதியோடே முடிப்பார். "காத்து பலமா அடிக்குது. கர்த்தர் என்னை உயரத்துக்குக் கூட்டிட்டுப் போறாரு" என்பார்.

இத்தனை விமானங்களைப் பார்த்தவர் ஒன்றிலும் ஏறினதில்லை. நான் சம்பாதிக்கத் தொடங்கினதும், "மாமா, டிக்கெட் எடுக்கிறேன், பம்பாய் வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "என் டிக்கெட்டை இயேசு கல்வாரியிலேயே எடுத்துட்டாரு மாப்ளே. நீ உன்னோடதைப் பத்திரமா வச்சிருக்கியான்னு பாரு" என்றார். சில மாதங்களில் கர்த்தரண்டை போய்விட்டார்.

தேவபிள்ளையே, 1 தெசலோனிக்கேயர் 4-ம் அதிகாரத்தை இன்றைக்கு முழங்காலில் நின்று வாசி. எக்காளம் தொனிக்கும்போது கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் முதலாவது எழுந்திருப்பார்கள். அப்புறம் உயிரோடிருக்கும் நாம் அவர்களோடேகூட ஆகாயத்தில் ஆண்டவரைச் சந்திப்போம். அந்தப் பயணத்திலே மாமா எனக்கு முந்திப் போவார். அல்லேலூயா!

இன்று உன்னை எதிர்த்து அடிக்கிற காற்று எது? கடனா? வியாதியா? விசுவாசத்தினிமித்தம் உறவுக்காரர் ஒதுக்கிவைத்த நிந்தையா? கலிலேயாக் கடலிலே சீஷருடைய படவுக்கும் எதிர்காற்றுதான் அடித்தது (மத்தேயு 14:24). அந்தக் காற்றினூடேதான் ஆண்டவர் நடந்து வந்தார். முதுகைக் காட்டி ஓடாதே. செட்டையை மடக்காதே. ஜெபத்திலே விரித்துக் கொடு; கர்த்தர் தூக்குவார்.

மாரநாதா! கர்த்தர்தாமே இந்த வார்த்தைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.