கற்பிக்கக் கொடுக்கும் கட்டணம்

பொருளை மிகுதியாகத் தருபவனையும் மாணாக்கனாக ஏற்கலாம் என்று நன்னூலாசிரியராகிய பவணந்தி முனிவர் தம் பொதுப்பாயிரத்தில் இடம் வைத்தார். தன் மகன், ஆசானுடைய மகன், மன்னன் மகன், வழிபடுவோன், சொன்னதைப் பற்றிக்கொள்ளும் ஆற்றலுடையோன் ஆகியோரின் வரிசையிலேயே அவனையும் நிறுத்திய அம்முனிவருக்கு, கல்விக்கும் தனத்துக்கும் உள்ள சம்பந்தத்தை மூடி மறைக்கும் பொய்யான கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. எந்தத் தேசத்துப் பழக்கத்தை எடுத்துக்கொண்டாலும், தட்சிணையாகவோ சம்பளமாகவோ மானியமாகவோ, பொருளானது கற்பவன் பக்கத்திலிருந்து கற்பிப்பவன் பக்கம் செல்வதே வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. நம் காலத்திலோ இவ்வோட்டம் ஓரிடத்தில் திசை மாறியிருக்கிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பட்டம் பெற்ற, அல்லது பெறவிருக்கின்ற இளைஞர்கள் பலர், கம்போடியாவிலோ நேபாளத்திலோ கானாவிலோ பெருவிலோ உள்ள ஒரு பள்ளியில் சில வாரங்கள் ஆங்கிலம் போதிப்பதற்காக, ஒரு ஸ்தாபனத்துக்குத் தாங்களே கட்டணம் செலுத்திப் புறப்படுகிறார்கள். கற்பிக்கும் ஸ்தானத்தை ஒருவர் விலைகொடுத்துப் பெறுவது நியாயமாகுமா என்பதே இங்கு ஆராயவேண்டிய விஷயம்.

அந்நிய நாட்டுக்கு ஆங்கிலம் போதிக்கச் சென்றவர்களின் செலவை முன்னாளில் யார் ஏற்றார்கள் என்று முதலில் பார்ப்பது பயன் தரும். ஏனெனில் பணம் எவர் கையிலிருந்து வருகிறதோ அவருக்கே பெரும்பாலும் உபாத்தியாயர் பதில் சொல்ல நேர்கிறது. 1901 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்ட ‘தாமஸ்’ என்னும் அமெரிக்க இராணுவக் கப்பல், ஏறக்குறைய 500 ஆசிரியர்களை ஏற்றிக்கொண்டு அடுத்த மாதம் மணிலாவை அடைந்தது. பிலிப்பைன்ஸ் தீவுகளைப் போரிட்டுக் கைப்பற்றிய ஆட்சி, அவ்வாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்தைப் போதனாமொழியாக்கிச் சட்டம் செய்திருந்தது. ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்ததும் அதுவே. அவர்களிற் பலர் மனமார உழைத்தார்கள், சிலர் நோய்வாய்ப்பட்டு அங்கேயே மாண்டும் போனார்கள் என்றாலும், அவர்களுடைய தொண்டு ஆட்சியின் நோக்கத்துக்கு உட்பட்டதாகவே இருந்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1961 ஆகஸ்டில், ஜனாதிபதி கென்னடி தோற்றுவித்த ‘பீஸ் கோர்’ என்னும் தொண்டர்படையின் முதற் குழுவினராகிய 51 பேர் ஆசிரியர்களாகக் கானாவின் தலைநகரான அக்ராவில் வந்திறங்கியபோது நிலைமை வேறாகிவிட்டது. செலவு அமெரிக்காவினுடையது, ஆயினும் அவர்களை ஏற்றுக்கொண்டது, விடுதலை பெற்று நான்கே ஆண்டுகள் ஆன நிக்ருமாவின் அரசு. 1987-இல் ஜப்பான் தொடங்கிய ‘ஜெட்’ திட்டத்திலோ விமானக் கட்டணத்தையும் சம்பளத்தையும் ஜப்பானியரே ஏற்றார்கள். முதலாண்டில் நான்கு நாடுகளிலிருந்து வந்த 848 பேரில் ஆங்கிலம் போதிக்க வந்தவர்கள், ஜப்பானிய ஆசிரியருக்குப் பக்கத்தில் துணையாசிரியராக நிற்கும்படி அமர்த்தப்பட்டார்கள். தேர்ந்தெடுப்பதும், ஒப்பந்தத்தை நீட்டிப்பதும், வேண்டாமென்று திருப்பி அனுப்புவதும் அழைத்தவர் கையிலேயே இருந்தன.

ஆட்சி அனுப்பினால் ஆட்சிக்கும், அழைத்த நாடு செலவை ஏற்றால் அந்நாட்டுக்கும் ஆசிரியர் கடமைப்பட்டவராகிறார். தம் பணத்தைத் தாமே கட்டிச் செல்பவர் யாருக்குக் கடமைப்பட்டவர்? ஒருவருக்கும் இல்லை என்பதோடு விஷயம் முடிந்தால்கூடப் பாதகமில்லை. அவரை அனுப்பும் ஸ்தாபனம் அவருக்குக் கடமைப்பட்டதாகிவிடுகிறது. அவருக்கு விடுமுறை வசதிப்படும் மாதத்தில் வகுப்பு நடக்கவேண்டும். அவர் விரும்பும் வயதுக் குழந்தைகள் கிடைக்கவேண்டும். ஊர் திரும்பும்போது அவர் மனம் நிறைந்திருக்கவேண்டும். ஆசிரியர் வாடிக்கைக்காரர் ஆகும்போது, மாணவன் எதுவாகிறான் என்று சொல்லவும் வேண்டுமோ?

இதற்கு எதிர்த்தரப்பில் சொல்லப்படும் நியாயத்தையும் அலட்சியமாகத் தள்ளிவிடலாகாது. ஜப்பானைப்போல் எல்லா நாடும் பொருள்வளம் உடையதன்று. சம்பளம் கொடுத்து அந்நிய ஆசிரியரை வரவழைக்க இயலாத கிராமத்துப் பள்ளிக்கு ஒருவர் செல்லவேண்டுமானால், பிரயாணச் செலவையும் உணவையும் உறையுளையும் காப்பீட்டையும் யாரேனும் ஒருவர் ஏற்றுத்தான் ஆகவேண்டும். ஏழைப் பள்ளியின் தலையில் அச்சுமையை வைப்பதைவிட, வசதியுள்ள வீட்டுப்பிள்ளை தானே சுமப்பது மேலன்றோ? மேலும், பாஷை தெரியாத நாட்டில் இருபது வயதுப் பெண் ஒருத்தி தனியே இறங்கினால், விசா முதல் வைத்தியர் வரையில் அவளுக்கு வழிகாட்ட ஓர் ஏற்பாடு வேண்டும்; அந்த ஏற்பாட்டைச் செய்பவர்களும் உண்டு உடுக்கவேண்டியவர்களே. செலவாகும் தொகையையெல்லாம் ரொக்கமாகவே அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தால் என்ன என்று சிலர் கேட்பதும் முழு நியாயமாகாது. மனிதர் மனிதரை நேரிற் கண்டு பழகுவதால் விளையும் நன்மையைக் காசோலையில் எழுதி அனுப்ப முடியாது. ஆகவே பணம் கைமாறுவதனாலேயே இக்காரியம் பழுதுபட்டது என்று தீர்ப்புச் சொல்வது அவசரமாகும்.

பழுது எங்கே புகுகிறது என்பதற்குக் கம்போடியாவைவிடத் தெளிவான சாட்சி வேறில்லை. 1975 முதல் 1979 வரை நடந்த கெமர் ரூஜ் ஆட்சியில் அந்நாட்டு உபாத்தியாயர்களிற் பெரும்பாலோர் கொல்லப்பட்டும், பட்டினியாலும் நோயாலும் மடிந்தும், நாட்டைவிட்டு ஓடியும் போனார்கள். அதன்பின் 1992-93-இல் ஐக்கிய நாடுகளின் இடைக்கால நிர்வாகம் வந்தபோது ஆங்கிலம் அறிந்தவனுக்கு வேலை உண்டு என்ற நிலை ஏற்பட்டது. 1999-இல் ஆசியான் அமைப்பிற் சேர்ந்ததும், அங்கோர் ஆலயங்களைக் காண வந்த யாத்திரிகர் கூட்டமும் அத்தேவையைப் பெருக்கின. எனவே ஆங்கிலம் வேண்டுமென்று கேட்டவர்கள் கம்போடியரே. அதை வெள்ளையர் திணித்தார்கள் என்று சொல்ல இடமில்லை. ஆனால் அந்த நியாயமான தேவையைச் சுற்றி வேறொரு வியாபாரம் முளைத்தது. அன்பு செலுத்தவும் ஆங்கிலம் போதிக்கவும் பணத்தோடு வரும் பிரயாணிகளுக்கு எளிதிற் கிடைக்கும் இடம் அநாதை இல்லம். 2005-இல் 154 ஆக இருந்த அவ்வில்லங்கள் 2010-இல் 269 ஆயின. போர் முடிந்து பல்லாண்டுகள் கழிந்து, நாடு அமைதியடைந்து, அநாதைகள் குறைந்திருக்கவேண்டிய காலத்தில் அநாதை இல்லங்கள் பெருகின! அவற்றில் இருந்த குழந்தைகளில் நால்வரில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடிருந்தார்கள் என்பதும் அக்காலத்து ஆய்வில் வெளியாயிற்று. படிப்பும் சாப்பாடும் கிடைக்கும் என்ற ஆசையால் பெற்றோரே பிள்ளைகளை ஒப்படைத்தார்கள். வருகிறவர்கள் கொடுக்கும் பணம் ஒரு தேவையைத் தீர்ப்பதற்குப் பதிலாக, தேவையையே உற்பத்தி செய்யத் தொடங்கிவிட்டதென்றால் அதைத் தானமென்று எப்படிச் சொல்வது?

அநாதை இல்லத்தை விட்டுச் சாதாரணப் பள்ளிக்கு வந்தாலும் சங்கடம் முற்றும் நீங்குவதில்லை. இரண்டு வாரம் தங்குபவர், குழந்தைகளின் பெயர்களைக் கற்றுக்கொள்ளும் முன்னரே விடைபெறும் நாள் வந்துவிடுகிறது. அடுத்து வருபவருக்கு முன்னவர் எதைச் சொல்லிக்கொடுத்தார் என்பது தெரியாது. அவரும் அகரவரிசைப் பாட்டிலும் நிறங்களின் பெயரிலுமே தொடங்குகிறார். ஒரு பாடத்தையே ஓராண்டில் பத்துப் பேரிடம் தொடக்கத்திலிருந்து கற்கும் குழந்தைகள், புதிதாய்க் கற்பதுபோல் முகம் மலர்ந்து பாடவும் பழகிவிடுகிறார்கள். வந்தவர்களைச் சந்தோஷப்படுத்துவது தங்கள் கடமை என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அதே வகுப்பில் ஆண்டு முழுவதும் நிற்கும் உள்ளூர் ஆசிரியையோ, தம் பல மாதச் சம்பளத்துக்கு ஈடான தொகையை ஓரிரு வாரத்துக்குக் கட்டிவிட்டு வந்திருக்கும் அந்நியருக்குக் கரும்பலகையை விட்டுக்கொடுத்து ஓரமாக ஒதுங்குகிறார். உச்சரிப்பு ஒன்றைத் தவிர மற்றெல்லாவற்றிலும் அவரே மேலான ஆசிரியராயிருக்கலாம். ஆனால் மாணவர்கள் கண்முன் அவருடைய மதிப்பு சற்றே தாழ்கிறது. இந்நஷ்டத்தை எந்த ஸ்தாபனத்தின் கணக்குப் புத்தகமும் காட்டுவதில்லை.

நல்ல எண்ணத்தோடு போகிறவனை இவ்வளவு கடுமையாகச் சோதிக்கலாமா என்று கேட்கலாம். 1968 ஏப்ரலில், மெக்ஸிகோ கிராமங்களில் கோடைத் தொண்டு செய்ய ஆயத்தமாயிருந்த அமெரிக்க மாணவர்களின் சபையிலேயே நின்று, அவர்களுடைய நல்லெண்ணத்தையே குற்றக்கூண்டில் ஏற்றிப் பேசியவர் இவான் இல்லிச் என்னும் பாதிரியார். காணவும் கற்கவும் வாருங்கள், உதவி செய்யமட்டும் வரவேண்டாம் என்பதே அவருடைய கட்சியின் சாரம். கேட்டவர்கள் மனம் நொந்திருப்பார்கள். சொன்னதில் உண்மையும் இருந்தது. ஆயினும் அத்தீர்ப்பு அளவுக்கு மிஞ்சியது என்றே சொல்லவேண்டும். எடுத்துக்கொடுத்ததையெல்லாம் அப்படியே விழுங்கும் பேதைகளாக ஏழை நாட்டு மாணவர்களை அது எண்ணிவிடுகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் போதித்த சுரேஷ் கனகராஜா, 1999-இல் வெளிவந்த தம் நூலில், போர்க்காலத்து மாணவர்கள் தங்கள் அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் கிறுக்கி வைத்தவற்றை ஆராய்ந்திருக்கிறார். பாடநூல் காட்டிய அமெரிக்க வாழ்வின்மேல் தங்கள் சினிமாவையும் தங்கள் அரசியலையும் அவர்கள் எழுதிச் சேர்த்திருந்தார்கள். கற்பவன் களிமண் அல்லன். வேண்டியதைக் கொண்டு வேண்டாததைக் கேலிசெய்து தள்ளும் சக்தி அவனுக்கும் உண்டு. அச்சக்தி, கற்பிக்க வருபவரின் பொறுப்பைக் குறைத்துவிடாது என்பதையும் உடனே சேர்த்துச் சொல்லவேண்டும்.

இனி, கட்டணம் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு காரியங்கள் கலந்து கிடப்பதைப் பிரித்துப் பார்க்கவேண்டும். 1962-இல் ஜான் ஹேகிராஃப்ட் லண்டனில் ஆங்கில ஆசிரியர்களுக்காக ஒரு சிறு பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். இன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பெயரால் வழங்கும் ‘செல்டா’ சான்றிதழுக்கு அதுவே மூலம். ஏறத்தாழ 120 மணி நேரம் படிப்பு. அதில் 6 மணி நேரம், பயிற்றுநர் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுக்க, உண்மையான மாணவர்களுக்கு நடத்தும் பாடம். இதற்கும் பெருந்தொகை கட்டவேண்டும். எனினும் இங்கே கட்டணம் செலுத்துபவர் மாணவராகவே நிற்கிறார், பாடம் சரியில்லையென்றால் சரியில்லை என்று சொல்லப்படுகிறது, தேறாமலும் போகலாம். பணத்தால் பயிற்சியை வாங்கலாமேயன்றித் தேர்ச்சியை வாங்க முடியாது. பள்ளியில் இடம் பெறுவதற்குச் செலுத்தும் கட்டணத்தையும் இதே உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். பணத்தோடு வந்தவரை, உமக்குத் தகுதி போதாது என்றோ, இவ்வாண்டு அப்பள்ளிக்கு ஆள் வேண்டியதில்லை என்றோ திருப்பி அனுப்பியதுண்டா என்று அந்த ஸ்தாபனத்தைக் கேட்கவேண்டும். உண்டு என்று அது சான்றோடு சொல்லுமானால், அங்கே கட்டும் தொகை செலவுக்கு ஈடாகவே நிற்கிறது. விண்ணப்பித்த ஒருவரையும் மறுக்காத ஸ்தாபனமோ, எத்தனை உருக்கமான படங்களை விளம்பரத்தில் அச்சிட்டாலும், உல்லாசப் பிரயாணக் கம்பெனிதான்.

உல்லாசப் பிரயாணம் பாவமன்று; அதற்குத் தொண்டென்று பெயர் சூட்டி, அந்தப் பெயரைக் கொண்டு பிற்பாடு பல்கலைக்கழக அனுமதியும் உத்தியோகமும் தேடுவதுதான் உறுத்துகிறது. தொண்டாற்றியதற்கான அத்தாட்சி கட்டணம் கட்டக்கூடியவனுக்கே கிடைக்குமென்றால், விடுமுறையில் கடையில் நின்று குடும்பத்துக்குச் சம்பாதித்த ஏழை மாணவன், தொண்டுள்ளம் இல்லாதவனாகப் பதிவாகிவிடுகிறான். இதைத் திருத்துவது அனுமதி வழங்கும் கல்விக்கூடங்களின் பொறுப்பு. அவை இன்னும் போதிய அக்கறை காட்டவில்லை.

எல்லா விசாரணையும் பணம் கட்டுவதற்கு முன்பே நடந்துவிடுவதில்லை என்பதுதான் இதில் மிகக் கடினமான பகுதி. முழுத்தொகையையும் செலுத்தி, கடல் கடந்து சென்று, பள்ளி வாசலை மிதித்தபின், அங்கே தமக்கு முன்பே மூன்று பேர் அதே வேலைக்கு வந்திருப்பதைக் காணும் ஒருவர் என்ன செய்வது? அநாதை இல்லம் என்று கண்டால் அன்றே விலகிவிடவேண்டும். திரும்பக் கிடைக்காத பணத்தை எண்ணித் தங்கியிருப்பது அக்குழந்தைகளின் செலவில் நஷ்டத்தை ஈடுசெய்வதாகும். சாதாரணப் பள்ளியானால் அவ்வளவு கடுமை வேண்டியதில்லை. வகுப்பை உள்ளூர் ஆசிரியையிடமே விட்டுவிட்டு, அவர் அனுமதித்தால் பின்வரிசையில் உட்கார்ந்து, அவர் விரும்பிய நேரத்தில் அவரோடு ஆங்கிலத்தில் பேசி, அவர் கேட்ட சொல்லுக்கு உச்சரிப்பைச் சொல்லி, அவர் கொடுக்கும் பயிற்சி ஏடுகளைத் திருத்திக்கொண்டிருக்கலாம். இரண்டு வாரத்தில் அந்த ஆசிரியைக்குச் சேரும் சிறிதளவு பழக்கமும் அவர் வகுப்புக்கு வரும் ஆண்டுகளில் பயன்படும். கட்டணத்தைப் பெற்றுக்கொண்ட ஸ்தாபனம் இப்படிப்பட்ட ஏற்பாட்டுக்கு இணங்காமல், வகுப்பின் முன்னே நின்று பாடம் நடத்தினால்தான் படமெடுக்க வசதி என்று வற்புறுத்துமானால், அடுத்து வரவிருப்பவர்களுக்கு அதை எழுதித் தெரிவிக்கும் கடமையும் அவருக்கு உண்டு.