ஊறிய நீர்

கலிபோர்னியாவில் என் தமையனார் மகன் வீட்டுக் கார் ஷெட்டில் கண்ட காட்சியொன்று, உயிரின் அறிவை மறைக்கும் அழுக்காகிய ஆணவ மலத்தைப் பற்றிப் பல்லாண்டுகளாக ஏட்டிலே படித்தும் நான் விளங்கிக்கொள்ளாதிருந்த ஒரு விஷயத்தை எனக்கு விளக்கிற்று. ஞானம் மோட்டார்ப் படகிலிருந்து வருமோ என்று நகைப்பவர் நகைக்கட்டும். செம்பிற் களிம்பையும் நெல்லின் உமியையும் உவமையாக எடுத்தாண்ட நம் சைவ சித்தாந்த ஆசிரியர்கள், கண்ணெதிரே கிடந்த பொருளைக் கொண்டே கண்ணுக்கெட்டாத பொருளை உணர்த்தியவர்கள் அல்லரோ?

ஜெட் ஸ்கீ என்னும் நீரூர்தியில், ஸ்கூட்டர்போல் அமர்ந்து ஓட்டுவது ஒரு வகை. நின்றபடியே ஓட்டுவது மற்றொரு வகை. பின்னது, கிளேட்டன் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மோட்டார் சைக்கிள் பந்தயக்காரரின் கற்பனையில் உதித்து, 1970-களின் தொடக்கத்தில் கவாசாகி கம்பெனியாரால் விற்பனைக்குக் கொண்டுவரப்பட்டது. ஓடும்போதுதான் அது மனிதனைத் தாங்கும். ஓட்டம் நின்றால் சாய்ந்து அவனை நீரிலே தள்ளிவிடும். விழுவதும் கவிழ்வதும் அந்த விளையாட்டின் அங்கங்களாதலால், காற்றுக்கென விட்ட வழியாகவும் மூடியின் ரப்பர் விளிம்பு வழியாகவும் சிறிதளவு நீர் உள்ளே புகுவதை ஒருவரும் குற்றமாகக் கொள்வதில்லை. பின்புறத்தே பீறிட்டுப் பாயும் தாரையின் வேகத்தால் உண்டாகும் உறிஞ்சு விசையைக் கொண்டு, சிறு குழாயொன்று அடியில் தேங்கும் நீரை வெளியே இழுத்துவிடுகிறது. ஆனால் இயந்திரம் ஓடுமளவும்தான் அந்த இறைப்பு. ஓட்டம் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

இயந்திரம் நின்று, கூடு முழுவதும் நீர் நிரம்பிவிட்டால் என் செய்வது? அதற்கும் ஒரு ரக்ஷையைச் செய்து வைத்தார்கள். எண்ணிறந்த நுண்ணறைகளில் காற்றைச் சிறைப்படுத்திய பாலியூரெத்தேன் நுரைப்பஞ்சைக் கூட்டின் உட்புறத்தே அடைத்தார்கள். எவ்வளவு நீர் புகுந்தாலும் அந்தக் காற்று ஊர்தியை மிதக்க வைக்கும். ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல, அலையின் அதிர்ச்சியாலும் எண்ணெய், பெட்ரோல் படிந்தும் நுண்ணறைகளின் சுவர்கள் நைந்துபோக, காற்றிருந்த இடத்தில் நீர் வந்து குடியேறுகிறது.

என் தமையனார் மகன் வாங்கியிருந்தது அத்தகைய ஒரு பழைய ஊர்தி. "எஞ்சின பூரா பிரிச்சுப் புதுசு பண்ணியாச்சு சித்தப்பா, இருந்தாலும் மூக்கு எழும்ப மாட்டேங்குது" என்று அலுத்துக்கொண்டிருந்தவன், கடைசியில் அதைத் தராசில் ஏற்றினான். இருக்கவேண்டிய எடையைக் காட்டிலும் 15 கிலோ கூடுதல். எஞ்சினை இறக்கிவிட்டு உள்ளே துணியால் துடைத்தான். துணி உலர்ந்தபடியே வந்தது. பின்பு நீண்ட கத்தியொன்றால் நுரைப்பஞ்சில் ஒரு துண்டை அறுத்தெடுத்து என் கையில் கொடுத்தான். மேற்புறம் காய்ந்த ரொட்டியின் தோலைப்போல் இருந்தது. அழுத்தினேன், எண்ணெய் நாற்றத்துடன் மஞ்சள் நீர் விரலிடுக்குகளில் வழிந்து முழங்கைவரை ஓடிற்று. "இது எந்த வருஷத்துத் தண்ணியோ!" என்றான் அவன்.

படகு நீரில் இருக்கலாம், படகினுள் நீர் இருத்தலாகாது என்னும் கருத்தை ஸ்ரீ ராமகிருஷ்ண பரமஹம்ஸர் இல்லறத்தார்க்கு உபதேசித்ததை நாம் அறிவோம். ஆனால் அந்த நீர் இரு திறத்தது என்பதை நான் அன்றுதான் உணர்ந்தேன். தேங்கிய நீர் ஒன்று. ஊறிய நீர் மற்றொன்று. தேங்கிய நீர் சலசலக்கும். ஊர்தி சாய்ந்த பக்கமெல்லாம் ஓடித் தன் இருப்பைத் தானே பறைசாற்றும். கோபமும் காமமும் அத்தகையவை; உடையவனும் அறிவான், ஊராரும் அறிவர். ஊறிய நீரோ ஒலிப்பதுமில்லை, அசைவதுமில்லை. துடைத்த துணியும் உலர்ந்தே வருதலால், உடையவன் அந்தக் கனத்தை ஊர்தியின் இயற்கை எடையென்றே எண்ணி, பாவம், எஞ்சினை நொந்துகொள்கிறான்.

பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் இயற்றிய திருவருட்பயன், நூறே குறட்பாக்களில் சித்தாந்தத்தை அடக்கிய நூல். இருளுக்கும் ஆணவத்துக்கும் உள்ள பேதத்தை அதில் அவர் காட்டுகிறார். இருள் பிற பொருள்களை மறைத்தாலும் தன்னையேனும் இருளென்று காட்டிக்கொள்கிறது. ஆணவமோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது என்பது அவர் கருத்து. அந்த நுட்பத்தின் பொருள் அன்று என் முழங்கையில் வழிந்தது.

அந்த நீர் ஊறியது எஞ்சினில் அன்று, மூழ்காமல் காப்பதற்கென்றே வைத்த பொருளில் என்பதே என்னை மேலும் சிந்திக்கச் செய்தது. எங்கள் ஊர்க் கோயில் திருப்பணிக்கு ஒருமுறை நான் சிறிது பணம் கொடுத்து, கல்வெட்டில் என் பெயர் வேண்டாம் என்று மும்முறை வற்புறுத்திச் சொன்னேன். நான் சொன்னபடியே அவர்களும் பெயரைப் பொறிக்காமல் விட்டுவிட்டார்கள். அதைக் கண்ட அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தானமும் விரதமும் ஒழுக்கமும் நம்மை மிதக்க வைக்கும் பொருள்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அகங்காரம் வந்து தங்குவதற்கு அவற்றைப்போல் வசதியான நுண்ணறைகளும் வேறில்லை.

அங்ஙனமாயின் அவற்றைத் துறந்துவிடுவதே நன்றன்றோ என்று சிலர் கேட்கிறார்கள். நானும் என் தமையனார் மகனிடம், "இந்தப் பஞ்சை எறிந்துவிட்டு வெறுங்கூடாகவே ஓட்டினால் என்ன? கனமும் குறையுமே" என்று கேட்டேன். "ஓட்டலாம் சித்தப்பா. ஒரு தடவை உள்ள தண்ணி நெரம்புச்சுன்னா, அப்புறம் ஏரிக்கு அடியிலதான் போய்த் தேடணும்" என்றான். துறவென்ற பெயரால் ஒழுக்கத்தையே உதறிய பலரது சரித்திரத்தை அவன் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டான்.

ஆகவே அவன் எறிந்தது ஊறிய பஞ்சை; காப்பையன்று. பழையதைச் சுரண்டியெடுத்தான், மூக்கை உயர்த்திக் கூட்டைச் சாய்த்து நிறுத்தி, தாழ்ந்த மூலையில் சிறு துளையொன்று இட்டான். கண்ணுக்கெட்டாத இடுக்குகளிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக நாட்கணக்கில் வடிந்தது. மின்விசிறியை உள்ளே திருப்பிவிட்டு, கோடையில் பாதியைக் காத்திருந்தே கழித்தான். பின்னர்த் துளையை எபாக்ஸியால் அடைத்துப் புதிய நுரைப்பஞ்சைப் பொருத்தினான். ஓடும்போது இறைக்கும் குழாய் இந்த நீரை ஒருநாளும் தொட்டிராது. திரண்டு நிற்கும் நீரைத்தான் அதனால் இழுக்க முடியும். தொண்டும் பூசையுமாகிய சரியை, கிரியைகளில் ஓயாது இயங்குவதால் அன்றாட அழுக்கு நீங்கும். ஊறியதற்கோ ஓட்டத்தை நிறுத்தி, கூட்டைத் திறந்து, பொறுத்திருக்க வேண்டும். கூடு தன்னைத் தானே எடை போட்டுக்கொள்ளவும் இயலாது. தராசு வெளியே இருந்துதான் வரவேண்டும். மலத்தில் அழுந்திய உயிருக்குக் குருவின் வருகை இன்றியமையாதது என்று நம் ஆசிரியர்கள் வற்புறுத்தியதற்கு இதனினும் தெளிவான நியாயம் எனக்குத் தோன்றவில்லை.

புதிய பஞ்சு என்றும் ஊறாதா என்று கேட்டேன். ஊறும் என்றான் அவன், கொஞ்சமும் வருத்தமில்லாமல். உலர்ந்த கூட்டின் எடையையும் அன்றைய தேதியையும் மூடியின் உட்புறத்தில் அழியா மைப் பேனாவால் எழுதி வைத்தான். ஆண்டுதோறும் நிறுத்துப் பார்ப்பானாம். ஆணவம் அடியோடு அழிந்துபோவதாகச் சித்தாந்தமும் கூறுவதில்லை; பக்குவத்தால் அதன் சக்தி ஒடுங்கும் என்றே கூறுகிறது.

ஊருக்குச் செல்லும்போதெல்லாம் இப்போது அந்தத் திருப்பணிக் கல்வெட்டின் முன் சற்று நிற்கிறேன். என் கண் இன்னும் என் பெயரைத் தேடுகிறதா என்று பார்க்கிறேன். சென்ற முறை தேடிற்று.