முகம் காட்டும் பிணியும் முன்வினைப் பேச்சும்

வலியசாலையில் நம் உபாசகர் இல்லம் ஒன்றில் மூதாட்டியார் ஒருவர் சில திங்களாகச் சோர்ந்து கிடந்தார். கண்ணின்கீழ்க் கருமை படர்ந்திருந்தது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கிற்று. பேரன் சீன மருத்துவ முகப்படம் ஒன்றைப் பார்த்து, அது சிறுநீரகக் கேடு என்று தீர்த்துவிட்டான். அண்டை வீட்டார் ஒருவரோ, "முற்பிறப்பில் செய்தது முகத்தில் வந்து நிற்கிறது, அனுபவித்தே தீரவேண்டும்" என்றார். இரண்டையும் நம்பிய அம்மையார் உணவைக் குறைத்தார். வைத்தியரிடம் போகவும் மறுத்தார்.

முகம் நோக்கிப் பிணி அறிதல் பழைய கலை. சீனர் ஐந்து உள்ளுறுப்புக்கு ஐந்து நிறமும் ஐந்து வாயிலும் வகுத்தனர். ஈரலுக்குப் பச்சையும் கண்ணும், இதயத்துக்குச் சிவப்பும் நாவும், மண்ணீரலுக்கு மஞ்சளும் வாயும், நுரையீரலுக்கு வெண்மையும் மூக்கும், சிறுநீரகத்துக்குக் கருமையும் செவியும் என்பது அவர் கணக்கு. நம் சித்த மருத்துவத்திலும் நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எண்வகைத் தேர்வு உண்டு. நமக்குத் தம்மத்தை மீட்டுத் தந்த அயோத்திதாசப் பண்டிதரும் (1845–1914) சித்த மருத்துவரே. ஆகவே இக்கலையை இகழ்வது நம் எண்ணமன்று.

ஆயினும் அளவறிந்து கொள்ளல் வேண்டும். காமாலையில் விழிவெண்மை மஞ்சளாதல் மெய். குருதி குறைந்தால் நாவும் கீழிமையின் உட்புறமும் வெளுத்தலும் மெய். புருவநடுச் சுருக்கம் ஈரலைக் காட்டும், கன்னத்துப் பரு நுரையீரலைக் காட்டும் என்பனவோ சோதனையில் நிலைநாட்டப்பட்டவை அல்ல. கண்ணின்கீழ்க் கருமை உறக்கக் குறைவாலும் முதுமையாலும் குடும்பவாகாலும் வரும். நம்மைப் போன்ற கருநிறத்தார்க்கு இன்னொன்றும் உண்டு. தோலின் வெளுப்பும் மஞ்சளும் நம் முகத்தில் எளிதில் புலப்படா. விரலில் மாட்டி உயிர்வளி அளக்கும் கருவிகூட, வெள்ளையரைவிடக் கறுப்பரிடத்தில் ஏறக்குறைய மும்மடங்கு அதிகமாகக் குறைபாட்டைக் காணத் தவறியதென்று 2020-இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. கருவியே நிறத்தால் பிழைக்குமாயின், படம் என் செய்யும்!

இனி அண்டை வீட்டாரின் சொல். பேரனுடையது அறியாமை, இதுவோ கொடுமை. நம் முன்னோரை ஊர்ப்புறத்தே நிறுத்தியோரும் முற்பிறப்புக் கணக்கையே காட்டினர் அன்றோ? பழைய காந்தளூர்ச் சாலை வலியசாலையில் இருந்தது என்பார் உளர். அதன் முறைமையை ஒட்டி 9-ஆம் நூற்றாண்டில் பார்த்திவசேகரபுரத்தில் அமைந்த சாலையில் 95 இடங்களும் வேதம் ஓதும் மாணவர்க்கே. கல்வி மறுத்தற்கும் பிறப்பு, பிணி வந்தாலும் பிறப்பு! அவ்வழக்கை விட்டு வந்த நாம், நோயாளியின் கட்டிலருகே அதே சொல்லைச் சொல்லலாமோ?

இராசகிருகத்தில் மோளிய சீவகன் என்னும் பரிவிராசகன் இதையே பகவன் புத்தரிடம் வினவியதாகச் சம்யுத்த நிகாயம் கூறும். இன்பதுன்பம் எல்லாம் முன்வினையால் என்று சிலர் சொல்கின்றனரே என்றான் அவன். பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கூட்டம், பருவமாற்றம், பேணாமை, திடீரெனத் தாக்குதல் என ஏழு காரணங்களைக் கூறி, எட்டாவதாகவே வினைப்பயனை வைத்தார் பகவன். எல்லாம் முன்வினையே என்போர் கண்கூடாய் அறியப்படுவதைக் கடந்து செல்கின்றனர், அது தவறு என்றும் உரைத்தார். உடற்குறி பார்த்துப் பலன் சொல்லிப் பிழைப்பதையும் பிக்குகளுக்கு ஆகாதெனப் பிரமசால சூத்திரம் விலக்குகிறது. வயிற்றுப்போக்கால் கிடந்த பிக்குவைக் கண்டபோது அவர் குறி கேட்கவில்லை; ஆனந்தரை நீர் கொணரச் செய்து தாமே நீர் வார்க்க, ஆனந்தர் கழுவினார்.

அம்மையாரை ஒருவாறு இசைவித்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். செவிலியார் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்த மாத்திரத்தில் குருதிச் சோதனைக்கு அனுப்பினார். சிறுநீரகம் நன்றாகவே இருந்தது; இரத்தத்தில் இரும்புச்சத்துதான் குறைவு. மாத்திரையும் கீரையும் இப்போது நடக்கின்றன; படி ஏறுகிறார்.

அண்டை வீட்டாரிடம் இதைச் சொன்னேன். "எட்டாவது காரணம் உண்டென்று உம் புத்தரே சொன்னாரே" என்றார். உண்டுதான். ஆனால் அது இன்னாரிடத்தில் உள்ளதென்று முகம் பார்த்துச் சொல்ல அவருக்கோ எனக்கோ ஞானம் இல்லை. முதல் ஏழையும் தேடிப் பார்க்கக் கையும் கண்ணும் இருக்கின்றன என்றேன். அவர் இன்னும் ஒப்பவில்லை. ஞாயிறுதோறும் வாதம் தொடர்கிறது.